பாலாற்றுப் பகுதியில் பழைய வரத்துக்கால்வாயையும் கிணற்றுப் பம்புசெட்டையும் சீர்செய்யும் முறை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிச் சிறு விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் முன்போல நீர் இறைப்பதில்லை, கிணற்று நீரும் உப்பாகிவிட்டது, இன்னும் பெரிய மோட்டார் வாங்கலாமா என்பதே அது. கடன் வாங்கிப் பெரிய மோட்டார் பொருத்தியவர்கள் பலர் இரண்டே கோடைகளில் கிணற்றின் அடியைக் கண்டிருக்கிறார்கள். இறைக்க இறைக்க ஆழத்து உப்பு நீரே மேலே வந்திருக்கிறது.

இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் மோட்டாரில் மட்டும் இல்லை. ஆற்றிலோ ஓடையிலோ தொடங்கும் வரத்துக்கால்வாய், அது நிரப்பும் ஏரி, ஏரியின் கசிவால் ஊறும் கிணறு, கிணற்றில் இறைக்கும் பம்பு ஆகிய நான்கும் ஒரே பாசன அமைப்பு. கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடில் கிணற்றில் நல்ல நீர் ஊறாது. ஆகவே சீர்திருத்தம் கால்வாயில் தொடங்கிப் பம்பில் முடிய வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்யும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

பாலாற்றுப் பாசனம்

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைகிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகவே காணப்படும் ஆறு இது. மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால்வாய் வெட்டிக் கழனிக்குக் கொண்டு வந்தார்கள் நம் முன்னோர். வெள்ளம் வரும் சில நாட்களில் வரத்துக்கால்வாய் வழியாக ஏரிகளை நிரப்பிக்கொண்டார்கள். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் கல்வெட்டு, அங்கிருந்த ஏரியையும் குறிப்பிடுகிறது. வாலாஜாவுக்கு அருகில் 1850-களில் கட்டப்பட்ட பாலாற்று அணைக்கட்டு, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி உள்ளிட்ட ஏரிகளுக்கு வெள்ள நீரைத் திருப்பியது. குடியாத்தம் பகுதியில் மோர்தானா அணையின் இடது, வலது கால்வாய்களும் ஏரிகளுக்கே நீர் சேர்க்கின்றன.

இந்த ஏரிகளால் நேரடியாகப் பாயும் நிலத்தைவிட, ஏரிக்கசிவால் ஊறும் கிணறுகளை நம்பிய நிலம் பல ஊர்களில் அதிகம். கவலை ஏற்றம் போய்ப் பம்புசெட் வந்த பிறகு இறைப்பு பெருகியது. கால்வாய்ப் பராமரிப்போ குறைந்தது. ஆற்றில் மணல் அள்ளப்பட்டதால் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்து, பல கால்வாய்களின் தலைப்பு ஆற்றுப்படுகையைவிட உயரத்தில் நின்றுவிட்டது. ஊற்றுக்கால்வாய்கள் ஒவ்வொன்றாக வற்றின.

தோல் தொழிலால் நேர்ந்த கேடு

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் ஏராளமான உப்பு தடவப்படுகிறது. தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. பதனிடும்போது குரோமியமும் சேர்கிறது. பல்லாண்டுகள் இந்நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்றிலும் விடப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையும் அதில் உறுதியாயிற்று. மீண்டும் 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அதை வழங்கவும், பாலாற்றைச் சீர்செய்வதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின் நிலைமை முன்பைவிட மாறியிருக்கிறது. ஆயினும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே சேர்ந்த உப்பு தானாகப் போய்விடாது. நல்ல மழைநீர் உள்ளே சென்று அதை நீர்க்கச் செய்து வெளியேற்ற வேண்டும். அந்த நல்ல நீரைக் கொண்டு வருவது வரத்துக்கால்வாய்தான். மற்ற மாவட்டங்களில் கால்வாயைத் தூர்வாருவது நீரின் அளவுக்காக. இங்கே அது நீரின் தரத்துக்காகவும் ஆகும்.

முதல் வேலை: நீர்ப் பரிசோதனை

மண்வெட்டியை எடுக்குமுன் பாட்டிலை எடுக்க வேண்டும். கால்வாய், ஏரி, கிணறு ஆகிய மூன்றிலும் தனித்தனியே ஒரு லிட்டர் நீர் எடுக்க வேண்டும். கிணற்று நீர் எனில் பம்பை அரை மணி நேரம் ஓட்டிய பிறகே எடுத்தல் நலம். அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடி, பெயர், சர்வே எண், தேதி எழுதி ஒட்டி, தாமதமின்றி மண், நீர் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, முடிவுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் நீர் தேறுகிறதா கெடுகிறதா என்பது தெரியும்.

முடிவுத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது மின்கடத்தும் திறன். இது டெசிசீமென்ஸ் அளவில் தரப்படும். பழைய தாள்களில் மில்லிமோ என்றிருக்கும், எண் ஒன்றே. 0.75-க்குக் கீழ் எனில் பெரும்பாலான பயிர்களுக்கு நல்ல நீர். 0.75 முதல் 2.25 வரை வடிகால் வசதியுள்ள நிலத்தில் பயிரைத் தேர்ந்து பயன்படுத்தலாம். 2.25-க்கு மேல் உப்பு மிகுந்த நீர். அடுத்து சோடியம் ஈர்ப்பு விகிதம். அது 10-க்குள் இருந்தால் நன்று. 18-ஐத் தாண்டினால் மண் இறுகி நீர் இறங்காமல் நிற்கும். எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5-க்கு மேற்பட்ட நீர் பாசனத்துக்கு ஏற்றதன்று. தோல் தொழிற்சாலைக் கழிவோடிய இடங்களில் குரோமியத்தையும் பார்க்கும்படி தனியே கேட்க வேண்டும். தொடர்ந்து பாய்ச்சும் நீரில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கால்வாயை நடந்து பார்த்தல்

தலைப்பு முதல் ஏரி வரை கால்வாயை முழுவதும் நடந்து பார்ப்பது இரண்டாம் வேலை. மேல்மடைக்காரர், கடைமடைக்காரர் இருவரும் உடன் செல்வது அவசியம். பழைய நீர்க்கட்டி எவரேனும் ஊரில் இருந்தால் அவரைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும். கால்வாயின் பழைய அகலம், கிளை பிரிந்த இடம், வெள்ளத்தில் உடையும் கரை ஆகியவற்றை அவரைப்போல் அறிந்தவர் வேறில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் பெற்று ஒப்பிட்டால் ஆக்கிரமிப்பும் தெளிவாகும்.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை இவை: வேலிகாத்தான் முள் மண்டிய இடங்கள், காட்டாமணக்கு அடர்ந்த இடங்கள், கரை சரிந்த இடங்கள், குப்பை கொட்டும் இடங்கள், வீட்டுச் சாக்கடை சேரும் இடங்கள், கழிவுநீர்க் குழாய் ஏதேனும் திறந்திருக்கும் இடங்கள், சாலைகளின் குறுக்கே உள்ள சிறுபாலங்கள். இவற்றுள் சிறுபாலமே பலர் கவனிக்காதது. சாலை போடும்போது குழாயின் அடிமட்டம் கால்வாயின் அடிமட்டத்தைவிட உயரமாக வைக்கப்பட்டிருந்தால், இருபுறமும் எவ்வளவு தூர்வாரினாலும் நீர் தாண்டாது. அதைத் தாழ்த்திக் கட்டக் கோரி, ஊராட்சி ஒன்றியத்திடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ முதலிலேயே மனுக் கொடுக்க வேண்டும்.

கழிவுநீர் சேரும் இடம் கண்டால் இடம், நாள், நேரம் குறித்து, படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தந்து ஒப்புகை பெற வேண்டும். இரவிலும் மழை நேரத்திலும் கால்வாயின் நிறமோ நுரையோ மணமோ மாறினால் அதையும் குறித்து வைப்பது நன்று. கழிவு சேருமிடத்தை அடைக்காமல் கால்வாயைத் திறப்பது, கழிவை ஏரிக்கு விரைவாகக் கொண்டு சேர்ப்பதாகவே முடியும்.

மட்டம் பார்த்தல்

பள்ளமாக வெட்டினால் நீர் வேகமாக வரும் என்று எண்ணுவது தவறு. கால்வாயில் நீரை ஓட்டுவது சரிவு, ஆழமன்று. இயந்திரத்தைக் கொண்டு கண்டபடி வெட்டிய கால்வாயில் குழிகள் நிரம்பிய பிறகே நீர் நகரும். சில நாள் மட்டும் வரும் வெள்ளம் குழிகளிலேயே தங்கிவிடும்.

மண் கால்வாய்க்கு நூறு அடி நீளத்துக்கு அரை அங்குலம் முதல் ஒன்றேகால் அங்குலம் வரை சரிவு போதும். மணற்பாங்கான மண்ணில் சரிவு அதிகமானால் அடிமண் அரித்துச் செல்லும். மட்டம் பார்க்கப் பொறியாளர் கருவி கிடைக்காவிடில், கொத்தனார் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயே போதும். ஐம்பது அடிக் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இருமுனைகளையும் அளவுக்கோல்களில் கட்டி, கால்வாயின் அடியில் கோல்களை நிறுத்தினால் இருமுனை நீர்மட்டமும் சமமாக நிற்கும். கோல்களில் தெரியும் அளவுகளின் வித்தியாசமே அடிமட்டத்தின் வித்தியாசம். இப்படி ஐம்பது அடிக்கு ஒரு முளை அடித்து, எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும், எங்கே வெட்டவே கூடாது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஏரியில் கால்வாய் நுழையும் வாயின் மட்டத்தையும், இடையிலுள்ள மதகுகளின் அடிமட்டத்தையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டும். அவற்றுக்குக் கீழே வெட்டிய மண் வீண் கூலியே.

ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்டதால் தலைப்பில் நீர் ஏறாத கால்வாய்களை, விவசாயிகள் தாங்களே ஆழப்படுத்த முற்படக் கூடாது. தலைப்புக்குக் கீழே ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பு அமைத்து நீர்மட்டத்தை உயர்த்துவதே தக்க வழி. இது நீர்வளத் துறையின் பொறியாளர் ஆய்ந்து செய்ய வேண்டிய பணி.

வெட்டும் முறை

கடைமடையில் தொடங்கித் தலைப்பை நோக்கி வெட்டிச் செல்வது நல்லது. இடையில் மழை பெய்தாலும் வெட்டிய பகுதியில் நீர் தேங்காமல் வடியும். வேலிகாத்தானை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஆனால் கரையைப் பிடித்து நிற்கும் புல்லையும் பனையையும் அகற்றுதல் கூடாது. கரையின் பக்கச் சரிவு களிமண்ணில் ஓரடி உயரத்துக்கு ஓரடியும், மணற்பாங்கில் ஓரடிக்கு ஒன்றரை அடியும் இருத்தல் வேண்டும். வெட்டிய மண்ணைக் கரையின் விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் அது மீண்டும் உள்ளே சரியும். விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளிப் போட்டு மட்டப்படுத்த வேண்டும்.

முழு நீளத்துக்கும் சிமெண்டுப் பூச்சு செய்ய வேண்டியதில்லை. வரத்துக்கால்வாய்க் கசிவும் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊட்டமே. கரை உடையும் வளைவு, மணல் திட்டு, கழிவுநீர் ஓடை அருகே செல்லும் பகுதி ஆகிய இடங்களில் மட்டும் பூச்சோ கல்கட்டோ செய்தால் போதும்.

வண்டல் மண்ணில் எச்சரிக்கை

ஏரி வண்டல் கழனிக்கு நல்ல உரம் என்பது பொதுவான உண்மை. வண்டல் எடுக்க அரசும் அனுமதி தருகிறது. ஆனால் தோல் கழிவோடிய ஏரி, கால்வாய்களில் அடிவண்டலிலேயே உப்பும் குரோமியமும் தங்கியிருக்கும். அதை வாரிக் கழனியில் கொட்டினால், ஏரியிலிருந்த கேட்டை வண்டிகூலி கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததாகும்.

ஆகவே ஐந்தாறு இடங்களில் மேல் வண்டலும் அடி வண்டலும் தனித்தனியே எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கார அமில நிலை, மின்கடத்தும் திறன், குரோமியம் மூன்றும் தேவை. உப்பை மட்டும் வீட்டிலேயே ஓரளவு அறியலாம். இரண்டு தொட்டிகளில் ஒன்றில் வண்டலும் மற்றொன்றில் நல்ல வயல் மண்ணும் இட்டு, இருபது பச்சைப்பயறு வீதம் ஊன்றி நல்ல நீர் விட வேண்டும். ஒரு வாரத்தில் வண்டலில் முளைப்பு குறைந்தாலோ இலை நுனி கருகினாலோ அதைக் கழனிக்குக் கொண்டுபோகக் கூடாது. இச்சோதனை குரோமியத்தைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். கெட்ட வண்டலைக் கரையிலும் குவிக்காமல், அதிகாரிகள் காட்டும் இடத்தில் சேர்ப்பதே சரி.

முதல் வெள்ளமும் பின் வெள்ளமும்

நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் நீர், ஓடைகளில் பூத்துக் கிடக்கும் உப்பையும் தேங்கிய கழிவையும் அலசிக்கொண்டு வரும். அதை ஏரிக்குள் விட்டால் ஆண்டு முழுவதும் அந்த உப்பே கிணறுகளுக்கு ஊறும். கால்வாய்த் தலைப்பில் பலகை மதகு இருந்தால், நீர்ப்பாசனச் சங்கமும் துறை அலுவலரும் பேசி முடிவு செய்து, முதல் நீரை ஆற்றோடு போகவிட்டு, நீர் தெளிந்த பிறகு திறக்கலாம். கையடக்க மின்கடத்தும் திறன் மானி ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்துக்கொண்டால், எப்போது திறப்பது என்பதில் சச்சரவு வராது. 2021 நவம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை. வரும் சில நாட்களில் நல்ல நீரைப் பிடித்துக்கொள்ளக் கால்வாய் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

கால்வாயில் எவ்வளவு நீர் வருகிறது என்பதையும் எளிதில் அளக்கலாம். நேரான பகுதியில் 20 மீட்டர் அளந்து இரு முளை அடித்து, சுள்ளி ஒன்றை மிதக்கவிட்டு நேரம் பார்க்க வேண்டும். 40 நொடியில் கடந்தால் மேல்நீரின் வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடிநீர் மெதுவாக ஓடுவதால் இதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். நீரின் சராசரி அகலம் 1.2 மீட்டர், ஆழம் 0.4 மீட்டர் எனில் நொடிக்கு ஏறத்தாழ 200 லிட்டர், அதாவது ஏழு கன அடி நீர் வருகிறது. தூர்வாருமுன்னும் பின்னும், தலைப்பிலும் கடையிலும் அளந்தால் செய்த வேலையின் பயனும் வழியில் இழப்பும் தெரிந்துவிடும்.

கிணற்றின் ஊற்றை அறிதல்

இனிப் பம்புசெட்டைப் பார்க்கலாம். தமிழகத்தில் விவசாய இணைப்புக்கு மின்கட்டணம் இல்லை. ஆதலால் பம்பு பாதித் திறனில் ஓடினாலும் விவசாயிக்கு அது பணமாகத் தெரிவதில்லை, நேரமாகத்தான் தெரிகிறது.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வெளிக்குழாயின் கீழ் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். 25 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 8 லிட்டர். 50 நொடி ஆனால் 4 லிட்டர்தான். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். முதற் பம்பு இதை ஏழு மணி நேரத்தில் முடிக்கும். இரண்டாம் பம்புக்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்துக்குள் அது முடியாது.

ஆனால் பம்பைக் குறை சொல்லுமுன் கிணற்றின் ஊற்றையும் அளக்க வேண்டும். கிணற்றை இறைத்துத் தாழ்த்தி, மோட்டாரை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இருபதடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி ஏறினால் சுமார் 8,900 லிட்டர். ஒன்றரை அடி ஏறினால் 13,300 லிட்டர், அதாவது நொடிக்கு 3.7 லிட்டர் ஊற்று. இக்கிணற்றில் 8 லிட்டர் இறைக்கும் பம்பே ஊற்றைவிட இருமடங்கு வேகமானது. அங்கே இன்னும் பெரிய மோட்டார் வைப்பது கடனைத்தான் கூட்டும். ஊற்றைப் பெருக்க ஏரி நிரம்ப வேண்டும், ஏரி நிரம்பக் கால்வாய் ஓட வேண்டும்.

பம்பைச் சீர்செய்தல்

ஊற்று போதுமானதாக இருந்தும் நீர் குறைவாக வந்தால் பழுது பெரும்பாலும் குழாய்களில் இருக்கும். மையவிலக்குப் பம்பு நீர்மட்டத்திலிருந்து இருபதடிக்குமேல் உயரத்தில் இருத்தல் கூடாது. கோடையில் நீர் தாழும்போது பம்பையும் தாழ்த்தி வைக்கக் கிணற்றுச் சுவரில் இரண்டாம் மேடை தேவை. மழைக்காலத்தில் மோட்டார் மூழ்காமல் உயர்த்தச் சங்கிலிக் கப்பி உதவும். உறிஞ்சு குழாயின் விட்டம் வெளிக்குழாயைவிட ஒரு படி பெரிதாக இருப்பது நல்லது. கூரான வளைவுகளை நீக்கி நீண்ட வளைவுகளைப் பொருத்த வேண்டும். வெளிக்குழாயை வாய்க்காலைவிடத் தேவைக்குமேல் உயர்த்தி வைத்து நீரை மேலிருந்து கொட்டவிடுவது வீண்.

புட்வால்வு இப்பகுதியில் தனிக் கவனத்துக்குரியது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து அதன் துளைகள் அடைபடும். மலிவான, துளை குறைந்த புட்வால்வு நீரைத் தடுத்து மோட்டாருக்குச் சுமை கூட்டும். குஜராத்தில் 1980-களில் நடந்த பம்புசெட் திருத்தப் பணிகளில், மோட்டாரை மாற்றாமல் புட்வால்வையும் குழாய்களையும் மாற்றியே மின்செலவு குறைக்கப்பட்டது. இங்கும் முதலில் செய்ய வேண்டியது அதுவே.

தேவையான குதிரைத்திறனைக் கணக்கிடுவதும் எளிது. நொடிக்கு இத்தனை லிட்டர் என்பதை மொத்த உயரத்தின் மீட்டரால் பெருக்கி, 75-ஆல் வகுத்து, பம்பின் திறனாலும் வகுக்க வேண்டும். 8 லிட்டர், 20 மீட்டர், பாதித் திறன் எனில் 4.3 வரும். ஆகவே 5 குதிரைத்திறன் போதும். அதே பம்பு தேய்ந்து கால் பங்குத் திறனுக்கு வந்துவிட்டால் அதே நீருக்கு 8.5 வேண்டும். அப்போது மாற்ற வேண்டியது தேய்ந்த இம்பெல்லரை, மோட்டாரை அன்று.

உப்பு நீரில் வார்ப்பிரும்பு இம்பெல்லர் விரைவில் அரிக்கப்படும். வெண்கல இம்பெல்லரும் பிவிசி குழாயும் நீண்ட நாள் உழைக்கும். கிளாண்டு கயிற்றில் சொட்டுச் சொட்டாக நீர் கசிவது தேவை. அறவே கசியாதபடி இறுக்கினால் தண்டு தேயும். மின் கசிவைத் தடுக்க நிலமுனைக் கம்பியை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

பயன்படாமல் கிடந்த கிணற்றில் தூர்வார இறங்குமுன் மிகுந்த எச்சரிக்கை தேவை. கழிவு சேர்ந்த கிணற்றில் நச்சுக் காற்று நிற்கும். விளக்கு இறக்கிப் பார்ப்பதை நம்புதல் கூடாது. விசிறி கொண்டு நெடுநேரம் காற்றுச் செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க, அதன் பிறகே ஒருவர் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் உடனே இன்னொருவர் குதித்தல் கூடாது. கயிற்றால் மேலே இழுத்து, தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

நல்ல நீரையும் உப்பு நீரையும் பயன்படுத்துதல்

ஏரியில் நீர் வந்த பிறகும் கிணற்று நீர் உடனே இனிக்காது. இரண்டையும் கலந்து பாய்ச்சலாம். 4 டெசிசீமென்ஸ் கிணற்று நீர் ஒரு பங்குக்கு 0.5 உள்ள ஏரி நீர் மூன்று பங்கு சேர்த்தால் 1.4 அளவுக்கு இறங்கும். இதைவிடச் சிறந்தது, முளைப்பு, நாற்று, பூக்கும் பருவங்களில் ஏரி நீரையும், பயிர் வளர்ந்த பிறகு கிணற்று நீரையும் தருவது. இளம்பயிரே உப்பால் முதலில் சாகும்.

2 டெசிசீமென்ஸ் நீரால் நெல் பயிரிட்டால், பயிரின் தேவைக்குமேல் 15 சதம் அதிக நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். அதற்கு வடிகால் இருத்தல் அவசியம். வடிகால் இல்லாத கழனியில் உப்பு மீண்டும் மேலே பூக்கும். கால்வாயைத் தூர்வாரும்போது வடிகாலையும் சேர்த்துத் தூர்வார வேண்டும் என்பது இதனால்தான். சோடியம் மிகுந்து இறுகிய மண்ணுக்கு, மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். பருத்தி உப்பை நன்கு தாங்கும். நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் களர் நிலத்துக்கு ஏற்றவை. மக்காச்சோளம், அவரை இனங்களைத் தவிர்ப்பது நலம்.

ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய பணி

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. மனு எங்கே கொடுப்பது என்பதை இதைக் கொண்டு முடிவு செய்யலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க வழி உண்டு. குடிமராமத்து முறையை அரசு 2017-இல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, விவசாயிகளின் சங்கங்களே பணியை எடுத்துச் செய்தன. பழைய பம்புசெட்டை மாற்றவும் சூரிய சக்திப் பம்பு அமைக்கவும் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. நடப்பு ஆண்டின் விவரங்களை அத்துறையின் அலுவலகத்திலும், தொழில்நுட்ப ஆலோசனையை விரிஞ்சிபுரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் பெறலாம்.

ஊர் கூடினால் ஆகும் என்பதற்கு நாகநதியே சான்று. ஜவ்வாது மலையில் தோன்றி வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் இந்நதி பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. ஊர்ப் பெண்கள் கால்வாய் வெட்டி, தடுப்பணையும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்து அதற்கு உயிரூட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் தமது வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டார். தோல் பகுதியில் இதைப் பின்பற்றுவோர் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செறிவூட்டும் கிணற்றில் விடும் நீர் நல்ல நீர்தான் என்று பரிசோதித்த பிறகே விட வேண்டும். கழிவு நீரை நிலத்துக்குள் இறக்கினால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

எந்த மாதம் எந்த வேலை

தை, மாசியில் நீர்ப் பரிசோதனையும் கால்வாயை நடந்து பார்த்தலும். பங்குனியில் மட்டம் பார்த்தல், மனுக் கொடுத்தல், வண்டல் பரிசோதனை. சித்திரை, வைகாசியில் முள் அகற்றலும் மண் வெட்டும். கிணற்றில் நீர் தாழ்ந்திருக்கும் அக்காலமே ஊற்று அளக்கவும் புட்வால்வு, குழாய் மாற்றவும் ஏற்றது. ஆனியில் மதகு, பலகை பழுதுபார்த்தல். ஆடி பிறக்குமுன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். புரட்டாசியில் ஒருமுறை கால்வாயை நடந்து பார்த்து அடைப்பு நீக்கிவிட்டால், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தைத் தடையின்றி ஏரிக்குக் கொண்டு சேர்க்கலாம்.

பல்லாண்டுகளில் சேர்ந்த உப்பு ஒரே மழையில் போகாது. நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் ஏரி நிரம்பி, பரிசோதனை நோட்டில் மின்கடத்தும் திறன் சிறிது சிறிதாக இறங்கினால், செய்த வேலை பலிக்கிறது என்று அறியலாம். இறங்காவிடில் கழிவு இன்னும் எங்கோ சேர்கிறது என்று பொருள். அப்போது அந்த நோட்டே அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் காட்டத்தக்க சான்றாகும். ஆகவே இப்பகுதி விவசாயிகள் பெரிய மோட்டாருக்குக் கடன் மனு எழுதுமுன், நீரைப் பரிசோதித்து, ஊற்றை அளந்து, ஊரோடு கூடிக் கால்வாயைச் சீர்செய்து பயன்பெற வேண்டும்.